களியாட்டப் பூங்காவில் ஒரு வேளைச் சாப்பாடு

2024ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒருநாள் இரவு, ரொறன்ரோ நகரில் வாழும் என் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். அவளும் அவளுடைய கணவரும், 11 வயது மகனும், 7 வயது மகளும், அவர்களோடிருக்கும் எங்கள் தாயாருமாக ஐவர், மார்கழி விடுமுறையில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்குப் புறப்பட இருந்தனர். அங்குள்ள ‘வோல்ற் டிஸ்னி வேள்ட்’ என்னும் பெரிய களியாட்டப் பூங்காவின் விடுதியொன்றில் 4 இரவுகள் தங்குவதென்பது ஏற்பாடு. விமானச் சீட்டு வாங்கியாயிற்று, அறையும் ஒழுங்காயிற்று. எஞ்சியிருந்தது சாப்பாட்டு விடயம்.

“அண்ணா, சாப்பாட்டுக்கும் முன்கூட்டியே காசு கட்டலாமாம். கட்டிவிட்டால் பிறகு அங்கை கணக்குப் பார்க்கத் தேவையில்லை எண்டு சொல்லுகினம். நீங்கள் பொருளியல் படிப்பிக்கிறனீங்கள். கட்டுறதோ விடுறதோ எண்டு சொல்லுங்கோ. அம்மாவுக்கு அங்கை என்ன கிடைக்கும் எண்டதும் எனக்குப் பெரிய யோசினை” என்றாள்.

அவளுடைய யோசனைக்குக் காரணம் இருந்தது. கணவனும் மனைவியும் இரண்டு வருட காலம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் போகின்ற பயணம் அது. அம்மாவோ மச்சம் தொட்டறியாதவர். பிள்ளைகள் கேட்பதை மறுத்தால் அவர்கள் மனம் நோகும். கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்தால் பெற்றோர் கை நோகும். ஆகவே, இத்தகைய பூங்காக்களில் உணவு ஏன் அந்த விலைக்கு விற்கப்படுகிறது, அவ்விலைக்கேற்ற தரம் அங்கு உண்டா என்று ஆராயப் புகுந்தேன். அறிந்தவற்றை இங்கே தருகிறேன். வெளிநாட்டு உறவினரோடு இவ்வாறான பயணம் மேற்கொள்ளும் நம்மவர்க்கும், பொருளியல் பயிலும் மாணவர்க்கும் அவை பயன்படக்கூடும்.

முதலில் சாப்பாடு, பின்னர் விளையாட்டு

களியாட்டப் பூங்காவிலே விளையாட்டுத்தான் முதற்பொருள், உணவு அதற்குத் துணைப்பொருள் என்றே நாம் எண்ணுகிறோம். அமெரிக்காவின் புகழ்பெற்ற பூங்காக்களுள் ஒன்றன் வரலாறு இதற்கு நேர்மாறானது.

கலிபோர்ணியா மாநிலத்தின் புவெனா பார்க் என்னும் ஊரில் வோல்ற்றர் நொற், கோடீலியா நொற் என்ற தம்பதிகள் பழத்தோட்டம் வைத்து, வீதியோரத்திலே பழமும் பழப்பாகும் விற்றுவந்தனர். பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய காலம் அது. 1934ஆம் ஆண்டு கோடீலியா அம்மையார் தம் திருமணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகளை எடுத்து வைத்து, 8 பேருக்குக் கோழிப்பொரியலோடு கூடிய சாப்பாடு பரிமாறினார். விலை 65 சதம். உண்டவர்கள் ஊராருக்குச் சொன்னார்கள். ஊரார் அயலூராருக்குச் சொன்னார்கள். நாளடைவில் மேசை கிடைப்பதற்கு மணிக்கணக்காகக் காத்து நிற்க வேண்டியதாயிற்று. காத்து நிற்பவர் சலிப்படையாதிருக்க வேண்டுமென்று வோல்ற்றர் நொற் 1940இல் பழைய சுரங்கத் தொழிலூர் ஒன்றன் மாதிரியைக் கட்டத் தொடங்கினார். அதுவே வளர்ந்து ‘நொற்ஸ் பெரி பாம்’ என்னும் பூங்காவாயிற்று. சுற்றிலும் வேலி அமைத்து நுழைவுக் கட்டணம் வாங்கியது 1968இலேதான். அவ்வம்மையாரின் கோழிச் சாப்பாட்டுக்கடை இன்றும் வேலிக்கு வெளியேதான் இருக்கிறது. பூங்காவுக்குள் போகாமலே அங்கு உண்ணலாம்.

இந்த வேலி சாதாரண விடயமன்று. வீதியோரத்துக் கடைக்கு வருபவன் பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவான். எனவே, அங்கே சமைப்பவர் ஒவ்வொரு நாளும் தம் கைப்பக்குவத்தை நிரூபித்தே ஆகவேண்டும். வேலிக்குள்ளே நிற்பவனுக்கு அடுத்த கடையும் அதே முதலாளியின் கடையாகவே இருக்கும். களியாட்டப் பூங்காச் சாப்பாட்டின் நன்மை தீமைகளை ஆராய்பவர் இந்த வேலியிலிருந்தே தொடங்க வேண்டும்.

குழாயில் தண்ணீர் இல்லாத நாள்

அதே கலிபோர்ணியாவில், நொற் தம்பதிகளின் தோட்டத்துக்குச் சில மைல் தொலைவிலுள்ள அனஹைம் நகரில், 1955ஆம் ஆண்டு யூலை மாதம் 17ஆந் திகதி வோல்ற் டிஸ்னி தமது ‘டிஸ்னிலாந்து’ பூங்காவைத் திறந்து வைத்தார். அன்றைய தினம் விருந்தினருக்கு உரியது. ஏறத்தாழ 15,000 பேரையே எதிர்பார்த்தனர். கள்ளச் சீட்டுகளாலும் வேலி தாண்டி வந்தோராலும் கூட்டம் 28,000 வரை பெருகிவிட்டது. கடும் வெயில். பல கடைகளில் உணவு தீர்ந்துபோயிற்று.

அன்றியும், குழாய்த் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தால், குடிநீர்க் குழாயா மலசலகூடமா, எதனை முதலில் முடிப்பது என்ற நிலை டிஸ்னிக்கு ஏற்பட்டிருந்தது. அவர் மலசலகூடத்தையே தெரிந்தார். நியாயமான தெரிவுதான். ஆயினும் தாகத்தோடு திரிந்த மக்கள், குளிர்பானம் விற்பதற்காகவே குழாயை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று குறைகூறினர். உண்மையிற் குற்றமில்லாதவரையும் குற்றவாளியாக்கிவிடும் வல்லமை தாகத்துக்கு உண்டு. விருந்தினரை அழைத்தவர் தண்ணீரை முதலில் வைக்க வேண்டும் என்ற பாடத்தை அந்த நாள் உலகத்துப் பூங்காக்காரர் அனைவருக்கும் கற்பித்தது எனலாம்.

வாயிற் கட்டணமும் வயிற்றுக் கட்டணமும்

நுழைவுச் சீட்டுக்குப் பெருந்தொகை வாங்கியவர்கள் உள்ளே உணவையாவது மலிவாகக் கொடுக்கலாகாதா? இக்கேள்வியைப் பொருளியலறிஞர் வோல்ற்றர் ஓய் ஆராய்ந்து, 1971இல், ‘டிஸ்னிலாந்து இக்கட்டு’ என்று பொருள்படும் தலைப்பில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். வாயிலில் ஒரு கட்டணம், உள்ளே ஒவ்வொன்றுக்கும் வேறொரு கட்டணம் என்ற இருபகுதி விலைமுறை பற்றியது அது.

அதன் சாரத்தை எளிதாகச் சொல்லலாம். வருபவர் யாவரும் ஒரே தன்மையராக இருப்பின், உள்ளே உள்ளவற்றை ஆக்கச் செலவுக்கே கொடுத்துவிட்டு, அவர்கள் பெறும் இன்பத்துக்கு ஈடான தொகை முழுவதையும் வாயிலிலேயே வாங்கிவிடுவது முதலாளிக்கு இலாபம். மனிதரோ ஒரே தன்மையர் அல்லர். ஒருவர் கையிற் பணமும் வயிற்றிற் பசியும் மிகுந்தவர், மற்றொருவர் சிக்கனமானவர். வாயிற் கட்டணத்தை மிக உயர்த்தினால் சிக்கனக்காரர் வரமாட்டார். எனவே அதைச் சற்றுத் தாழ்த்தி, உள்ளே விலையை உயர்த்தினால் இருவரிடமும் அவரவர்க்கேற்றபடி பணம் பெறலாம். உணவின் விலை, வருபவரைத் தரம் பிரிக்கும் சல்லடையாகப் பயன்படுகிறது.

ஓய் எழுதிய காலத்தில் டிஸ்னிலாந்திலே ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனிச் சீட்டு இருந்தது. 1982இல் அம்முறை ஒழிந்து, வாயிற் சீட்டே எல்லா விளையாட்டுக்கும் போதும் என்றாயிற்று. அதன்பின் உள்ளே எண்ணி விற்பதற்கு எஞ்சியவற்றுள் உணவும் பானமும் நினைவுப் பொருள்களும் முதன்மை பெற்றன. அண்மைக் காலத்தில் வரிசையிற் காத்திராமல் போவதற்கும் தனிக் கட்டணம் வந்திருக்கிறது. ஆதலின், பூங்காவிலே ஒரு தட்டு உணவின் விலையைப் பார்த்து, “இதற்குள் இருக்கும் அரிசியும் பருப்பும் இவ்வளவு பெறுமா?” என்று கேட்பது பொருந்தாது. அவ்விலையில் ஒரு பகுதி உணவுக்கு. மறுபகுதி நாம் வேலிக்குள் நிற்பதற்கு.

அடுப்படியின் நியாயம்

நிற்க. விலை இவ்வாறாயின் தரம் எத்தகையது? பூங்காச் சாப்பாடு என்றாலே மோசமானது என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது நியாயமாகாது.

அங்கே இரு வகை உணவுச்சாலைகள் உண்டு. ஒன்று, காசைக் கொடுத்து உணவைப் பெற்று நாமே மேசைக்கு எடுத்துச் செல்லும் துரித உணவுக் கடை. மற்றது, பரிசாரகர் மேசைக்குக் கொணர்ந்து பரிமாறும் உணவுச்சாலை. முதல் வகையின் குறைபாடுகளுக்குப் பெரும்பாலும் சமையற்காரர் காரணரல்லர், கடிகாரமே காரணம். நண்பகலில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்திற் பசியோடு வருகின்றனர். முன்னரே ஆக்கி வைத்தாலன்றிச் சமாளிக்க இயலாது. அமெரிக்க மத்திய அரசின் மாதிரி உணவு விதிகளின்படி ஆக்கிய உணவை 57 பாகை செல்சியசுக்குக் குறையாத சூட்டில் வைத்திருக்க வேண்டும். அந்தச் சூட்டில் நெடுநேரம் கிடக்கும் இறைச்சி உலரும்; மரக்கறி வாடும். நொடியிற் பொரித்தெடுக்கக்கூடிய உருளைக்கிழங்கும், வாட்டி இரு துண்டுப் பாணுக்கிடையில் வைக்கக்கூடிய இறைச்சியுமே இவ்வேகத்துக்கு ஈடுகொடுப்பவை. எல்லாப் பூங்காக்களிலும் அவையே மலிந்திருப்பதன் இரகசியம் இதுதான்.

இரண்டாவது வகையிலே நிலைமை பெரிதும் முன்னேறியிருக்கிறது. 1971இல் திறக்கப்பட்ட வோல்ற் டிஸ்னி வேள்ட்டில், 1982இல் ‘எப்கொற்’ என்னும் பகுதி சேர்ந்தது. அங்கே மெக்சிக்கோ, சீனா, ஜேர்மனி, இத்தாலி, ஜப்பான், மொறொக்கோ, பிரான்ஸ் உள்ளிட்ட 11 நாடுகளின் மண்டபங்களும் அவற்றின் உணவுகளும் இன்று உள்ளன. அங்குள்ள கண்ணாடித் தோட்டங்களில் விளையும் காய்கறிகளிற் சில அவ்விடத்து உணவுச்சாலைகளிலே சமைக்கப்படுகின்றன. விடுதியொன்றிலுள்ள ‘விக்ரோறியா அன்ட் அல்பேட்ஸ்’ என்னும் உணவுச்சாலை 2024இல் மிச்செலின் நட்சத்திரம் ஒன்றைப் பெற்றது.

மரக்கறி உண்போருக்கும் வழி பிறந்திருக்கிறது. 2019இல் தொடங்கி, இறைச்சி, பால், முட்டை, தேன் ஆகியவை சேராத உணவுகளுக்கு உணவுப் பட்டியலில் இலைச் சின்னம் இடப்படுகிறது. ‘சனா’ என்னும் உணவுச்சாலையில் ஆபிரிக்க உணவோடு இந்தியச் சுவையும் கலந்திருக்கிறது. நாண் முதலிய ரொட்டி வகைகளும், தொட்டுக்கொள்ளச் சட்னி முதலிய 9 வகைகளும் அங்கு கிடைக்கும். அது விடுதியில் அமைந்திருப்பதால், பூங்காச் சீட்டு இல்லாதவரும் போகலாம்.

தரத்தைத் தீர்மானிப்பதில் உண்பவரின் பழக்கத்துக்கும் பங்குண்டு. 1992ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 12ஆந் திகதி பாரிஸ் நகருக்கருகே டிஸ்னி பூங்கா திறக்கப்பட்டபோது, ஐரோப்பியர் காலையுணவைப் பொருட்படுத்தார் என நம்பி, அதற்குரிய இடங்களைச் சிறிதாகவே அமைத்தார்கள். வந்தவர்களோ முழுமையான காலையுணவு கேட்டு வரிசையில் நின்றனர். உணவோடு வைன் அருந்தும் வழக்கமுடைய நாட்டிலே பூங்காவுக்குள் மதுவைத் தடுத்தனர். அடுத்த ஆண்டே அத்தடையைத் தளர்த்த நேர்ந்தது. உண்பவரை அறியாத சமையல், எத்துணை உயர்ந்ததாயினும், பாதிச் சமையலே.

முன்கூட்டிக் கட்டும் பணம்

இனி, தங்கையின் கேள்விக்கு வருவோம். டிஸ்னி விடுதிகளில் தங்குவோருக்கான உணவுத் திட்டம் 2005இல் தொடங்கி, 2020இல் நிறுத்தப்பட்டு, 2024 ஜனவரியில் மீண்டும் வந்தது. அவ்வாண்டின் கட்டணப்படி துரித உணவுத் திட்டத்துக்கு வளர்ந்தோர் ஒருவருக்கு இரவொன்றுக்கு 57 டொலர். பரிமாறும் உணவும் சேர்ந்த திட்டத்துக்கு 94 டொலர். முதலாவது திட்டத்தில் நாளொன்றுக்குப் பானத்தோடு இரு வேளை உணவும் ஒரு சிற்றுண்டியும் உண்டு. விடுதியிலே திரும்பத் திரும்பப் பானம் நிரப்பிக்கொள்ளும் குவளையொன்றும் கிடைக்கும். ஒரே அறையில் தங்கும் 3 வயதுக்கு மேற்பட்ட யாவரும் சேர்ந்தே வாங்க வேண்டும். 10 வயது நிரம்பியவர் வளர்ந்தோராகவே கணிக்கப்படுவர்.

ஆகவே, தங்கையின் 11 வயது மகனும் வளர்ந்தவன்; குருவிபோலக் கொறிக்கும் எங்கள் தாயாரும் வளர்ந்தவர். நால்வருக்கு 228 டொலரும், சிறுமிக்கு ஏறத்தாழ 24 டொலருமாக இரவொன்றுக்கு 252 டொலர். 4 இரவுகளுக்கு 1,008 டொலர்.

நல்ல பசியுள்ள ஒருவர் இதே உணவைத் தனித்தனியே வாங்கினால் என்னவாகும்? துரித உணவு பெரும்பாலும் 12 முதல் 18 டொலர் வரை. குளிர்பானம் ஏறத்தாழ 5 டொலர். விலை கூடிய உணவையே இருவேளையும் எடுத்து, பானமும் 7 டொலர்ச் சிற்றுண்டியும் சேர்த்தால் 53 டொலர். நூற்றுக்கு 6.5 வீத விற்பனை வரியையும் கூட்டினால் 56 டொலருக்குச் சற்று மேல். திட்டத்தின் விலையோ 57! குவளையின் பெறுமதியை விட்டால், இரண்டுக்கும் வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம். அதாவது, மிகுந்த பசியோடு, விலை கூடியதையே நாள்தோறும் தவறாமல் உண்பவருக்கே திட்டம் கட்டுப்படியாகும். 13 டொலர் உணவும் தண்ணீரும் போதும் என்றிருக்கும் அம்மாவுக்கு, சிற்றுண்டி சேர்த்தாலும் நாட்செலவு 35 டொலரளவே. நாளொன்றுக்கு 22 டொலர், 4 நாளைக்கு 88 டொலர், அவர் உண்ணாத உணவுக்காகப் போய்விடும்.

இதனினும் பெரிய நட்டம் ஒன்றுண்டு. முன்பே பணம் கட்டியவர், “கட்டியாயிற்றே, விடலாமா?” என்று பசியில்லாதபோதும் உண்பார், விரும்பியதை விட்டு விலை கூடியதைத் தேடுவார். விடுதியை விட்டுப் புறப்படும் நாள் கடந்தால் எஞ்சியவை பயனற்றுப் போகும் என்பதால், கடைசி நாளில் வேண்டாத பண்டங்களை வாங்கிப் பையை நிறைப்பார். கணக்குப் பார்க்கத் தேவையில்லை என்பது ஒரு சுகந்தான். ஆனால் கணக்குப் பார்ப்பவர் வேறொருவர் ஆகிவிட்டார் என்பதே அதன் பொருள். எனினும், பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் பணப்பையைத் தொடுவது மனத்தை வருத்தும் என்று கருதுபவர், அந்த நிம்மதிக்காகத் திட்டத்தை வாங்கினால் அதையும் நான் பிழையென்று சொல்லேன். 2025இல் பெற்றோர் திட்டத்தை வாங்கினால் 3 முதல் 9 வயதுச் சிறுவருக்கு அது இலவசம் என்ற சலுகை வந்தது. அத்தகைய ஆண்டில் சிறுவர் மிகுந்த குடும்பத்துக்குக் கணக்கு வேறாகும்.

தண்ணீர்ப் பந்தல்கள்

வேலிக்குள் இருப்போரிடம் கூடிய விலை பெறுவதுதான் ஒரே வழியோ எனின், அன்று. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ‘ஹொலிடே வேள்ட்’ என்றொரு பூங்கா 1946 முதல் இயங்கி வருகிறது. 2000ஆம் ஆண்டு தொடக்கம் அங்கே குளிர்பானம் எவ்வளவு அருந்தினும் இலவசம். பென்சில்வேனியா மாநிலத்தில் 1926இல் தொடங்கிய ‘நொபல்ஸ்’ பூங்காவுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. உள்ளே உணவு நன்றாகவும் நியாய விலையிலும் கிடைப்பதால், சிறந்த உணவுக்கான ‘கோல்டன் ரிக்கற்’ விருதை அது பலமுறை பெற்றிருக்கிறது.

இது வெறும் தர்மமன்று. வியாபாரத் தந்திரமும் உண்டு. தாகம் தீர்ந்தவர் நெடுநேரம் நிற்பார். நெடுநேரம் நிற்பவர் மீண்டும் பசித்து உண்பார். மனம் நிறைந்து போனவர் அடுத்த ஆண்டும் வருவார். நம் கோயில் திருவிழாக்களிலே வீதியோரம் தண்ணீர்ப் பந்தல் வைப்போர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. ஆனால் பந்தல் இருக்கும் வீதியிலேதான் கச்சான் கடைக்காரிக்கும் வியாபாரம் நடக்கிறது என்பதை எவரும் காணலாம்.

தங்கைக்குச் சொன்னவை

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து, நான் தங்கைக்குச் சொன்ன யோசனைகள் இவை. முதலாவது, திட்டத்தை வாங்க வேண்டாம். அதற்கென 800 டொலரை ஒதுக்கி, அதற்குள் உண்ணுங்கள். இரண்டாவது, டிஸ்னி பூங்காவுக்குள் சொந்த உணவு கொண்டுபோகத் தடையில்லை. கண்ணாடிப் போத்தலும் மதுவும் ஆகாதவை. ஆகவே காலையுணவைப் பாணும் பழமும் பாலுமாக அறையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, நண்பகல் நெரிசலுக்கு முன் 11 மணியளவில் உண்ணுங்கள். அப்போது அடுப்பிலிருந்து இறக்கிய உணவு கிடைக்கும். நான்காவது, உணவுப் பட்டியல்களும் விலைகளும் முன்னரே வெளியிடப்படுகின்றன. பிள்ளைகளோடு இருந்து வாசித்து, ஒவ்வொருவரும் விரும்பும் ஒரு பண்டத்தைத் தெரிவு செய்யச் சொல்லுங்கள். தானே தெரிந்த பிள்ளை வழியிற் காண்பதற்கெல்லாம் கை நீட்டாது. ஐந்தாவது, ஒரே ஒரு மாலை நல்ல உணவுச்சாலையில் ஆறுதலாக இருந்து உண்ணுங்கள். பட்டியல் விலையோடு வரியும், பரிசாரகருக்கு நூற்றுக்கு 18 முதல் 20 வரை சந்தோஷப் பணமும் சேரும் என்பதை மறவாதீர்கள். அம்மாவின் உணவுபற்றிச் சமையற்காரரிடமே கேளுங்கள். இலைச் சின்னத்தைப் பார்த்தாலும், எந்த எண்ணெயிற் பொரித்தது என்று விசாரியுங்கள்.

அவ்வாறே செய்தார்கள். அம்மா பயற்றம் பணியாரமும் முறுக்கும் ஒரு தகரப் பேணியில் எடுத்துப் போயிருந்தார். அவை இரண்டாம் நாளே முடிந்துவிட்டனவாம். மூன்றாம் நாள் மாலை ‘சனா’வுக்குப் போய், யன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி நடமாட, ரொட்டியும் சட்னியும் உண்டார்கள். ஒதுக்கிய தொகையில் சிறிது மிச்சமும் இருந்தது.

திரும்பி வந்த பின் அம்மாவோடு கதைத்தேன். சாப்பாடு எப்படி என்று கேட்டேன். ரொட்டி நல்லது என்றார்; உறைப்புப் போதாது என்றார். பிறகு சற்று நேரம் யோசித்துவிட்டு, “ஒண்டு சொல்ல வேணும் தம்பி. கடையிலை போய்க் கேட்டால் ஐஸ் போட்டு ஒரு கோப்பை தண்ணி தருகினம். அதுக்குக் காசு எடுக்கேல்லை” என்றார்.

துரித உணவுக் கடைகளிலே அவ்வாறு கொடுப்பது அங்குள்ள வழக்கந்தான். 1955இல் வரண்டு கிடந்த குழாய்களின் கதை அம்மாவுக்குத் தெரியாது. ஆயினும் நான்கு நாள் அந்த மாயலோகத்தைச் சுற்றி வந்தவர், அழைத்தவரின் மனத்தை அளக்க எடுத்துக்கொண்ட அளவுகோல் அந்த ஒரு கோப்பைத் தண்ணீர்தான்.